வீட்டுக்கு வாயுத் தொல்லை

காப்பி டம்ளரைக் கீழே வைத்த கையோடு மாணிக்கவாசகம் பின்னறைக்குப் போவார். அங்கே அலமாரித் தட்டில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. அதை ஆள்காட்டி விரலை மடக்கி 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டுவார். தட்டினால் அதில் தெரிகிற எண் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. மகள் இதைப் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் தட்டத்தான் செய்வார்.

காரணம் இருக்கிறது. தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்து நிமிர்ந்தவர் அவர். எதையும் தட்டி ஓசை கேட்காமல் நம்ப மாட்டார். பூசணிக்காயைத் தட்டுவார், மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டுவார். மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை முதுகில் தட்டிப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் வந்து, "கனமான சரக்குதான்" என்று மனைவி பேச்சியம்மாளின் காதில் சொன்னவர். மாப்பிள்ளைக்கும் அது கேட்டுவிட்டது. பாவம், இன்றைக்கும் மாமனார் பக்கத்தில் வந்தால் அந்தப் பிள்ளை சுவரில் சாய்ந்துகொள்கிறது.

பெட்டியைத் தட்டி, எண்ணைப் பார்த்து, அது பெரிய எண்ணாக இருந்தால் அவர் முகம் பூத்துவிடும். "பேச்சி, கூடிட்டுது" என்று குரல் கொடுத்துக்கொண்டே சன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறப்பார். திறந்துவிட்டு, உறையிலிருந்து நாதஸ்வரத்தை எடுப்பார். வீட்டில் விஷக்காற்று கூடியிருக்கிறது என்றால் சந்தோஷப்படுகிற மனிதர் மயிலாப்பூரில் அவர் ஒருவர்தான்.

நாதஸ்வர ஆசை சின்ன வயதிலேயே உள்ளே விழுந்தது. கடை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக அதன்மேல் அடுக்கியதில் அடியில் போய்விட்டது. அறுபத்திரண்டு வயதில் கடைச் சாவியை மகனிடம் கொடுத்தார். மறுவாரமே வாத்தியம் வாங்கிவிட்டார். சொல்லிக் கொடுக்க வருகிற வாத்தியார் மிக நல்ல மனிதர். இரண்டு வருஷமாக, "மூச்சு நல்லா இருக்கு, மத்ததெல்லாம் வந்துரும்" என்றே சொல்லிவருகிறார். மற்றது இன்னும் வரவில்லை. மாணிக்கவாசகம் ஊதினால், தண்ணீர் லாரி பின்பக்கமாக வரும்போது கத்துமே, அந்தச் சத்தம் முதலில் வரும். பிறகு லாரி எதிலோ இடித்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அப்படித்தான் இருக்கும்.

ஆகவே பேச்சியம்மாள் ஒரு சட்டம் போட்டாள். ஊதுவதென்றால் பின்னறைக்குள் போய், சன்னலை அடைத்து, கதவைச் சாத்தி, கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்துவிட்டுத்தான் ஊத வேண்டும். மாணிக்கவாசகம் கட்டுப்பட்டார். ஆனால் மனசு கேட்குமா? நாதஸ்வரம் நாலு தெரு கேட்பதற்காக உண்டான வாத்தியம். அதை அடைத்த அறைக்குள் ஊதுவது, கடைக்குள் ஷட்டரை இறக்கிவிட்டு வியாபாரம் பண்ணுகிற மாதிரி என்று வாத்தியாரிடம் குறைபட்டுக்கொள்வார். ஒரு காதாவது, வேண்டுமென்று நின்று கேட்க வேண்டும். அவருக்கு இருந்த ஏக்கம் அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து மகள் அனுப்ரியா வந்தாள். அங்கே வீட்டுக்கு அடியில் மண்ணுக்குள் அறை கட்டி வாழ்கிறார்கள். வீட்டை வாங்கினாலும் விற்றாலும் ரேடான் என்கிற வாயு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் பக்கத்து வழக்கமாம். அதற்கான பெட்டி ஒன்றைச் சாக்லேட்டுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். அப்பா நாள் முழுக்கத் தரைத்தளத்தில் ஓர் அடைத்த அறையில் மூச்சு வாங்குகிறாரே என்று அவளுக்குக் கவலை.

ரேடான் என்பது பெரிய மாயம் ஒன்றுமில்லை. மண்ணிலும் பாறையிலும் துளித்துளியாக யுரேனியம் கிடக்கிறது. அது தேய்ந்துகொண்டே வரும்போது விடுகிற மூச்சுதான் இது. வெளியில் வந்தால் காற்றோடு போய்விடும். வீட்டுத் தரையில் வெடிப்பு இருந்து, அதன் வழியாக உள்ளே ஏறி, வெளியேற வழி இல்லாமல் தங்கினால்தான் வம்பு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, இருமல்கூட வராது. வருஷக்கணக்காக அதைச் சுவாசித்தால் நுரையீரலில் புற்று வரலாம். பீடி சிகரெட்டைத் தொடாதவருக்கும் வரலாம். எண் நூறுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, முந்நூறைத் தாண்டினால் சும்மா இருக்கக் கூடாது என்று மகள் சொல்லிக் கொடுத்தாள். சென்னையில் எல்லா வீட்டிலும் சன்னல் திறந்தே கிடப்பதால் பெட்டியில் ஒன்றும் தெரியாது என்றுதான் அவளே நினைத்திருந்தாள். சில நாள் கழித்துப் பார்த்தால் முந்நூற்று எண்பது.

"முதல்ல சன்னலைத் திறங்கப்பா" என்றாள் அனுப்ரியா.

மாணிக்கவாசகம் அந்த வார்த்தையை அவளை விட்டு இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார், பேச்சியம்மாளுக்கும் கேட்கட்டும் என்று.

மகள் விமானம் ஏறிப் போன பிறகு சண்டை தொடங்கியது. சன்னலைத் திறந்தால் கொசு வருகிறது, சத்தம் போகிறது என்பது பேச்சியம்மாளின் கட்சி. "வாயு எப்பமோ கொல்லும். கொசு இன்னைக்கே கொல்லுதே" என்றாள்.

"கொசுவலை அடிச்சுக்கிடலாம்டி. நுரையீரலுக்கு எங்க போறது? ஊதுறவனுக்கு அதுதானே கடை முதலு" என்றார் அவர். சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்து ஊதினார்.

முதல் நாளே ஓர் அதிசயம் நடந்தது. போய்க்கொண்டிருந்த ஆட்டோ ஒன்று சன்னலுக்கு நேரே நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி, "இன்னா நைனா, இங்க யாருக்குக் கல்யாணம்? மண்டபம் இதுதானா?" என்று கேட்டார். பத்திரிகையில் போட்டிருந்த மண்டபத்தைத் தேடிக்கொண்டு அவர் வண்டியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மாணிக்கவாசகம் பூரித்துவிட்டார். தன் ஊதலைக் கேட்டு ஒருவர் கல்யாணம் என்று நினைத்துவிட்டார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அதைப் பேச்சியம்மாளிடம் நாலு விதமாகச் சொன்னார். நாலாவது தடவையில் ஆட்டோ இரண்டாகிவிட்டது.

இந்தப் பக்கம் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மாடிப்படியில் பேச்சியம்மாளைப் பார்த்த மேல்வீட்டு ஜெயலக்ஷ்மி, ஏன் சன்னலெல்லாம் திறந்தே கிடக்கிறது என்று கேட்டிருக்கிறாள். பேச்சியம்மாளுக்கு ரேடான் என்ற பேர் வாயில் நிற்கவில்லை. "வாயுத் தொல்லைக்கா. அவுக ரூம்லதான் சாஸ்தி. தெறந்து வைக்காட்டா ஆபத்தாம்" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டாள். ஜெயலக்ஷ்மி நாகரிகமானவள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தன் கணவர் பத்ரிநாராயணனிடம் மட்டும் சொன்னாள். அவர் நடைப்பயிற்சி போகிறவர். தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் மாடியிலிருந்து பெருங்காயம் போட்ட மோர் வந்தது. அதற்கு மறுநாள் எதிர்வீட்டிலிருந்து ஓமத் தண்ணீர். பூக்காரம்மா, முழம் போட்டுக் கொடுத்த கையோடு, சுட்ட பூண்டு ஒரு பொட்டலம் வைத்துவிட்டு, "ராவுல ரெண்டு பல்லு துன்னுட்டு படு நைனா, எல்லாம் பூடும்" என்று சொல்லிப் போனாள். மாணிக்கவாசகம் எல்லாவற்றையும் கண் கலங்க வாங்கிக்கொண்டார். அவருக்கு விளங்கியது ஒன்றுதான்: வாசிப்பைக் கேட்டுத் தெரு உருகிவிட்டது. வித்துவானுக்குத் தொண்டை காயக் கூடாது என்று மோர் அனுப்புகிறார்கள். "பூண்டு எதுக்குக் குடுத்தா?" என்று பேச்சியம்மாள் கேட்டதற்கு, மூச்சுக்கு நல்லது என்றார். மோரைக் குடித்த தெம்பில் கூடுதலாக அரைமணி நேரம் ஊதினார்.

தெரு ஒரு வாரம் பொறுத்தது. பிறகு பத்ரிநாராயணன் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மழை வருமா என்று கேட்டார், காய்கறி விலை கேட்டார், பிறகு தொண்டையைச் செருமினார்.

"சொன்னா தப்பா எடுத்துக்கப்படாது, சார். மோர் குடிச்சும் கொறையலையாமே. நேக்கு என்ன தோண்றதுன்னா, எல்லாம் இந்த வாத்தியத்தாலதான். அத்தனை காத்தை உள்ள இழுத்துண்டா, அது எங்கயாவது வெளியில வந்துதானே ஆகணும்?"

மாணிக்கவாசகத்துக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்தார். மோரும் ஓமத் தண்ணீரும் பூண்டும் எதற்காக வந்தன என்பது ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறியது. பத்ரிநாராயணனின் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

"வாயு எனக்கில்ல சார். வீட்டுக்கு."

பிறகு அவரை அங்கிருந்த நாற்காலியில் உட்கார வைத்து, ரேடான் கதையை முதலிலிருந்து சொன்னார். நுரையீரல் என்று வந்த இடத்தில் பத்ரிநாராயணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அது மாடிக்கும் வருமோ என்று கேட்டார். மண்ணை ஒட்டிய அறையில்தான் அதிகம், மேலே போகப் போகக் குறைவு என்று மகள் சொன்னதைச் சொன்னதும் மூச்சு விட்டார். கொஞ்சம் யோசித்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்போ, தரையைச் சரி பண்ணி அது உள்ள வராம தடுத்துட்டா, சன்னலை மூடிக்கலாமோ?"

"மூடலாம்" என்றார் மாணிக்கவாசகம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அந்தக் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குக்கூட ஆட்கள் ஒன்றுசேர்ந்தது கிடையாது. இதற்குச் சேர்ந்தார்கள். அன்று மாலையே பிளம்பர் தௌசீஃபைக் கூட்டிக்கொண்டு பத்ரிநாராயணன் இறங்கி வந்தார். எதிர்வீட்டுக்காரர் தன் பங்குக்கு ஒரு மூட்டை சிமெண்டைத் தானே தூக்கி வந்தார். வாயு எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது, பழக்க தோஷம், மாணிக்கவாசகம் குனிந்து தரையைத் தட்டிக்கொண்டே போனார். ஒரு மூலையில் காலி அண்டா மாதிரி ஓசை கேட்டது. அதைக் கேட்டதும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஓசையை ஒளிக்க அவருக்குத் தெரியாது. "இங்கதான் உள்ளீடு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அந்த இடத்துத் தரையைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் பழைய கிணறு. அடுக்குவீடு கட்டியவர்கள் அதன் வாயில் ஒரு பலகைக் கல்லைப் போட்டு, மேலேயே அறையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"வாயப் பொளந்துகினு கீது சார்" என்றார் தௌசீஃப். "கெணறு விடுற மூச்செல்லாம் நேரா நம்ம நைனா மூஞ்சில."

கிணற்று மூடியின் அடியிலிருந்து ஒரு குழாயைச் சுவரோடு ஏற்றி, மொட்டை மாடிக்கும் மேலே கொண்டுபோனார்கள். உச்சியில் ஒரு சின்ன விசிறி வைத்து, அடியில் சேர்கிற காற்றை இழுத்து ஆகாசத்தில் விடுகிற மாதிரி செய்தார்கள். தரையிலும் சுவரோரத்திலும் இருந்த வெடிப்பையெல்லாம் அடைத்துப் பூசினார்கள். தௌசீஃப் கரண்டி பிடிக்க, தெருவே குனிந்து எங்கே இன்னும் வெடிப்பு இருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடியது. மயிரிழை வெடிப்பைக்கூட ஜெயலக்ஷ்மி விடவில்லை.

மாணிக்கவாசகம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கலவை கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதோ என்று கேட்டார். இது திரும்ப வெடிக்குமா என்று கேட்டார்.

"உன் பேரப்புள்ள காலம் வரிக்கும் வெடிக்காது, நைனா. பயப்படாத" என்று தைரியம் சொன்னார் தௌசீஃப்.

எண் ஒரேயடியாக இறங்கவில்லை. முந்நூறு, இருநூறு என்று வந்து, நூறுக்குக் கீழே போய், நாற்பதில் நின்றது. கனடாவிலிருந்து அனுப்ரியா போனில் முகம் காட்டிச் சிரித்தாள். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்றாள். நல்ல செய்திதான். கெட்ட செய்தி என்று யாராவது சொல்ல முடியுமா?

இன்று காலை பேச்சியம்மாள் தானே பின்னறைக்கு வந்தாள். சன்னலின் இரண்டு கதவையும் இழுத்து அடைத்து, கொக்கியை மாட்டினாள். நாதஸ்வரத்தை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, அவர் மடியில் வைத்தாள்.

"இனி ஒரு பயமும் இல்ல. உள்ளுக்க இருந்து ஆசை தீர ஊதுங்க" என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கதவுக்கு வெளியே பழைய சேலையைத் திணிக்கிற சத்தம் கேட்டது.

தெருவில் ஓர் ஆட்டோ வந்தது. மாணிக்கவாசகம் நிமிர்ந்தார். அது நிற்காமல் போயிற்று. வாத்தியத்தைக் கட்டிலில் கிடத்திவிட்டு எழுந்துபோய், பெட்டியை 'டொக்' என்று தட்டினார். நாற்பது. இன்னொரு தட்டு. நாற்பதுதான். கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கையில் எடுத்து, உதட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கன்னம் உப்பாமல், சத்தம் வராமல், மெதுவாக அதன்மேல் ஓர் ஊது ஊதிவிட்டு, எண் கொஞ்சமாவது ஏறுகிறதா என்று பார்த்தார்.