நிவேஸ் கழற்றிய சிவப்புக் கம்பி

எங்கள் ஊரில் நிவேஸ் என்ற பெண்ணை விரும்பியவர் எவரும் இல்லை. அவருக்கும் எங்களில் எவரையும் பிடித்ததில்லை. வட இத்தாலியில், கார்னியாவின் இந்த மலைச்சரிவில் பெரும்பாலான வீடுகள் பெல்லட் அடுப்பைக் கொண்டுதான் குளிர்காலத்தைக் கடத்துகின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த அந்தச் சிறு துண்டுகளை எரிக்கும் அடுப்புகளைத் துப்புரவு செய்வதும் பழுது பார்ப்பதும் நிவேஸின் தொழில். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் 'காக்கா' என்பார்கள்.

அடுப்புத் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் பாகங்களைப் பூட்டியவர் அவர். ஆலை மூடப்பட்டதும் சான்றிதழ் பெற்றுத் தனியாகக் கிளம்பினார். வீட்டுக்குள் நுழைந்தால் வணக்கம் கிடையாது. "எப்ப அணைச்சே?" என்பதே முதற் பேச்சு. முந்தைய நாள் என்ற விடை வராவிட்டால் பெட்டியைத் திறக்காமலே திரும்பிவிடுவார். சாம்பலுக்குள் கங்கு நெடுநேரம் உயிரோடிருக்கும் என்று விளக்கும் பொறுமை அவருக்கு இருந்ததில்லை. "வீட்டை எரிக்கணும்னா நீங்களே எரிச்சுக்குங்க, சாமி. அதுக்கு நான் எதுக்கு?" என்று பாதிரியாரிடமே கேட்டவர்.

சர்வேயரான என் வீட்டின் கீழ்த்தளத்தில் டொரீனோவும் அவர் மனைவி ஓனொரீனாவும் குடியிருக்கிறார்கள். டொரீனோ நிவேஸின் பள்ளித் தோழர். பகையும் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கியது. ஆகவே மூன்று ஆண்டுகளாகத் தம் அடுப்பைத் தாமே பராமரித்துவந்தார். நாள்தோறும் எரிகிண்ணத்தைச் சுரண்டுவார். கதவின் கண்ணாடியில் முகம் பார்க்கலாம்.

ஜனவரியில் ஒரு நாள் ஓனொரீனா மாடியேறி வந்தார். முழங்கால் வலிக்காக அடுப்பு இருக்கும் அறையிலேயே படுப்பவர். கணவர் பின்னறையில் தூங்குபவர்.

"சர்வேயர், காலையில எழுந்தா தலை பிளக்குது, குமட்டுது. பால் வாங்க வெளிய நடந்தா சரியாயிடுது. திரும்ப உள்ள வந்தா மறுபடி ஆரம்பிச்சிடுது."

நான் நிவேஸைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதும் கேட்கவில்லை அவர். "இப்பவே அணைக்கச் சொல்லுங்க. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்க. அவ இன்னிக்கு உங்க வீட்டுல படுக்கட்டும். டாக்டர்கிட்டயும் காட்டுங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அடுப்பை அணைத்துவிட்டு, பெல்லட் தீர்ந்துவிட்டதென்று ஓனொரீனா கணவரிடம் சொன்னார். மீதமிருந்த இரண்டு மூட்டைகளும் என் மாடிப்படியின் கீழ் ஒளிந்திருந்தன.

மறுநாள் டொரீனோ பெல்லட் வாங்கக் கிளம்பியதும் நிவேஸ் வந்தார். அடுப்பின் கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தார். பிடிமானமே இன்றிக் காகிதம் கையோடு வந்தது. கதவைச் சுற்றியிருந்த அடைப்புக் கயிறு செத்துப்போயிருந்தது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றியபோது வாசலில் டொரீனோ நின்றார். பர்சை மறந்து திரும்பியவர்.

"யாருடி இந்தக் காக்காவை வீட்டுக்குள்ள விட்டது?"

நிவேஸ் திரும்பவில்லை. விரலால் ஒரு சிவப்புக் கம்பியைத் தொட்டுக்காட்டினார். காற்றழுத்தச் சுவிட்சின் இரு முனைகளையும் அது நேரடியாக இணைத்திருந்தது.

"இது உன் கைவண்ணமா?"

"ஆமா. சும்மா சும்மா அலாரம் அடிச்சு நின்னுக்கிட்டே இருந்துச்சு. இப்ப நிக்கறதே இல்ல."

"புகை போக வழியில்லன்னா நிக்கணும். அதான்யா அதோட வேலை! நீ அதோட வாயைக் கட்டிட்டே."

"உன் கடையை இங்க விரிக்காத. கையை எடு." டொரீனோ அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கம்பி இருக்கட்டும். ஆனா இவ இங்க தூங்கினா ஒருநாள் எழுந்திருக்க மாட்டா."

"அவ தலைவலி இருபது வருஷமா இருக்கு. வாய் ஓயாமப் பேசினா வலிக்காதா?"

ஓனொரீனா இருவருக்கும் நடுவே வந்தார். "இருபது வருஷம் இல்ல. இருபது நாள். நீ சனிக்கிழமை இந்தக் கம்பியை மாட்டினே, மறுநாள் ஞாயித்துக்கிழமை பூசைக்கு என்னால எழுந்திருக்க முடியல. அவ கையை விடு." பிறகு நிவேஸிடம்: "கழட்டு."

டொரீனோவின் பிடி தளர்ந்தது. கம்பி வந்தது.

புகைக்குழாய் சுவரோரம் மேலே திரும்பும் இடத்தில், அடியில் ஒரு மூடி உண்டு. மூன்று ஆண்டுகளாக அதை எவரும் திறந்ததில்லை. நிவேஸ் திறந்தார், ஈரமேறி இறுகிய சாம்பல் கட்டிகட்டியாக விழுந்தது. டொரீனோ ஒரு பிளாஸ்டிக் வாளியைக் காலால் தள்ளினார். நிவேஸ் அதைத் திருப்பி உதைத்தார்.

"தகர வாளி, மூடியோட. மரப் பால்கனியில வைக்காத, கல்லு மேல வை. இதையும் சொல்லித் தரணுமா?"

"சீக்கிரம் முடிச்சுட்டுப் போய்த் தொலை."

கூரை வரை குழாயை நீளத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, கதவில் புதுக் கயிறு பதித்தார். இம்முறை காகிதம் கிழிந்ததே தவிர வெளியே வரவில்லை. நான் மாடிப்படியடியிலிருந்து கொண்டுவந்த மூட்டையைக் கொட்டி அடுப்பை ஏற்றி, கருவியால் புகையையும் அறைக் காற்றையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதினார். டொரீனோ தொப்பியைக் கழற்றாமல் கையெழுத்திட்டார். ஒருவரும் காபி தரவில்லை. நிவேஸும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அதன்பின் காலையில் ஓனொரீனாவுக்குத் தலை வலிக்கவில்லை. அறைச் சுவரில் நச்சுவாயுவைக் காட்டும் கருவி ஒன்றை அவரே மாட்டிக்கொண்டார். டொரீனோ இன்றும் நிவேஸைக் 'காக்கா' என்றே சொல்கிறார். மதுக்கடையில் அவர் நுழைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆயினும் ஒவ்வோர் அக்டோபரிலும் நிவேஸ் வருவதற்கு முந்தைய நாளே அடுப்பை அணைத்து, தகர வாளியை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதபடி வெளியேறிவிடுகிறார்.