தமிழில் சொல்லாமல் விட்டது

நாலு வருடத்துக்கு முன் நடந்தது இது. ருவான்வெல்லை பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். எனக்கு டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை. மனைவி ஹட்டன் பக்கத்துப் பெண். இங்கே வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்ததால் அவளுக்குச் சிங்களம் வராது. நான் சிங்களம் பேசினால் தமிழன் என்றே பலருக்குத் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். கிளினிக்கில் தாய்ப்பால் கொடுப்பது பற்றி ஒரு வகுப்பு இருக்கிறது, புருஷன்மாரும் கட்டாயம் வர வேண்டும் என்று மிட்வைஃப் மிஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அரைநாள் லீவு எடுத்துப் போனேன்.

மிஸ்ஸுக்கு என்னைவிட வயது குறைவு. வகுப்பு சிங்களத்தில்தான். எங்களோடு இன்னும் இரண்டு தமிழ் ஜோடிகள், அவர்களுக்கும் சிங்களம் சரியாக வராது. அதில் ஒருவன் என்னோடு வாலிபால் ஆடுகிறவன். "அண்ணா, நீங்கதான் நல்லா பேசுறீங்களே, இவங்களுக்குத் தமிழ்ல சொல்லுங்க" என்று மிஸ் சிங்களத்தில் சொல்லி, என்னை எழுப்பி முன்னால் நிறுத்திவிட்டார்.

அவர் கையில் ஒரு பொம்மை, துணியில் தைத்த ஒரு மார்பு. பிள்ளை வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறுக்க வேண்டும், காம்பு மட்டும் வாய்க்குள் போனால் போதாது, சுற்றியுள்ள கருத்த வட்டமும் போக வேண்டும், வலித்தால் சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் விட்டு விலக்கி எடுத்து மறுபடி வைக்க வேண்டும், பால் போதுமா என்று அறிய ஒரு நாளைக்கு எத்தனை மூத்திரத் துணி நனைகிறது என்று பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். எனக்கு எல்லாமே விளங்கியது. சிங்களத்தில் கேட்கும்போது பாடம் மாதிரி இருந்தது. அதையே தமிழில் சொல்ல வாயைத் திறந்தால் உடம்பெல்லாம் கூசியது. வாலிபால்காரன் வேறு பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பிள்ளைய நல்லா அணைச்சிப் பிடிச்சிப் பால் குடுக்கணுமாம். சுத்தமா இருக்கணுமாம்" என்றேன்.

மிஸ் என்னை ஒரு மாதிரி பார்த்து, "எச்சரத?" என்றார். அவ்வளவுதானா என்று கேட்கிறார். எல்லோருக்கும் விளங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மகள் பிறந்தாள். சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்ததும் தொல்லை ஆரம்பித்தது. பால் கொடுக்கும்போதெல்லாம் மனைவி துவாய்த் துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. பிள்ளை நாலு வாய் சப்பும், பிறகு வீறிட்டு அழும். "இவளுக்குப் பால் ஊறல, பால்மா வாங்கிட்டு வா" என்றார் என் அம்மா.

நாலாம் நாள் காலை பிள்ளை அழுவதையே விட்டுவிட்டது. தூங்குகிறாள், நல்லதுதான் என்று நினைத்தேன். பத்து மணிக்கு மனைவி, "விடிஞ்சதுலருந்து ஒரு துணிகூட நனையலங்க" என்றாள். உடனே மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன்.

கொட்டுகிற மழையில் ஸ்கூட்டரில் வந்தார். பிள்ளையைத் துணி கழற்றிப் பார்த்தார், எடை போட்டார். பிறகு, "வகுப்புல சொன்ன மாதிரிதானே வைக்கிறாங்க?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"என்னங்க கேக்குறாங்க?" என்றாள் மனைவி. சொன்னேன். "ஆமா, அணைச்சிப் பிடிக்கத்தானே சொன்னாங்க?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "நான்தான் மிச்சத்தைச் சொல்லல. வெக்கமா இருந்துச்சி" என்று இரண்டு மொழியிலும் சொன்னேன்.

மிஸ் திட்டவில்லை. "சரி, நான் ஒன்னொன்னா சொல்றேன். இப்பச் சொல்லுங்க" என்றார்.

அம்மா வாசலில் நிற்க, ஒரு சொல் விடாமல் சொன்னேன். முதல் தடவை வலித்தது. விரலை விட்டு எடுத்தாள். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை பிள்ளை வாயை அகலமாகத் திறந்த நேரம் பார்த்து மிஸ் அதன் முதுகைத் தாங்கி மார்போடு சேர்த்தார். கொஞ்ச நேரத்தில் 'களுக் களுக்' என்று விழுங்கும் சத்தம் கேட்டது. மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வலிக்கலங்க. வலிக்கவே இல்ல" என்று சொல்லி அழுதாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுங்கள், பின்னேரத்துக்குள் துணி நனையாவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மிஸ் போனார். மூன்றரை மணிக்கு மகள் என் மடியில், நான் கட்டியிருந்த சாரம் முழுக்க நனைத்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். "மூத்திரத்துக்கா இந்தக் கத்து கத்துறான்!" என்று அம்மா சிரித்தார். நாலு நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அன்றைக்கே அந்த வாலிபால்காரன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிக்கு அடுத்த வாரம் பிரசவ நாள் குறித்திருந்தார்கள். இரண்டு பேரையும் உட்கார வைத்து, நான் விழுங்கியதையெல்லாம் சொன்னேன். அவன் சிரிக்கவே இல்லை. "பிள்ளைக்கு மூக்கு அடைச்சிக்காதா?" என்று அக்கறையாகக் கேட்டான். மற்ற ஜோடிக்குப் போனில் சொன்னேன்.

மகளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. அன்றைக்குப் பிள்ளை தூங்குகிறாள் என்று இன்னும் அரைநாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இப்போதும் திடீரென்று வரும். அவளைக் கூப்பிட்டு ஒருதரம் தூக்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும்.