ஞாயிறு ஆறரை மணிச் சத்தம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோணல்மாணலாகத்தான் எழுத வரும். அஞ்சாம் வகுப்போடு நின்ற ஆள் நான். போதாததற்கு மறதி வேறு. போன வாரம் உங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பியதையே இந்த வாரமும் எழுத உட்கார்ந்துவிட்டேன்... மகள் பார்த்துத் தடுத்தாள்.

ஆனால் இந்த விஷயம் மறக்காது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளி ஆட்கள் இருந்த முன்னறையில் நான் வாயைத் திறந்து பேசினேன். அதுவும் எதைப் பற்றி? கிட்டார் சத்தத்தைப் பற்றி!

சிரிக்காதீர்கள். முழுதாகக் கேளுங்கள்.

என் மகள் கௌரிக்குப் பகலில் கிளார்க் வேலை. லீவு நாட்களில் கல்யாண வீடு, ஹோட்டல் ஹோல் என்று ஒரு பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். பெண்பிள்ளை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினால் சனங்கள் என்ன பேசும்? பேசியும் முடித்துவிட்டார்கள். இப்போது அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களே வந்து, "கௌரி வருவாளா?" என்று கேட்கிறார்கள்.

குழுவுக்குத் தலைவர் சிவா மாஸ்டர். கீபோர்ட் வாசிப்பார். டிரம்ஸ் அடிப்பது ரொஷான் — சிங்களப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசுவான். பிராக்டிஸ் எல்லாம் சாயந்தரத்தில், மஹய்யாவயில் எங்கள் வீட்டில்தான். மாஸ்டரின் ஆம்ப்பும் எங்கள் முன்னறையில்தான் கிடக்கிறது.

ஆம்ப் என்றால் கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி. மாஸ்டருடையது வால்வ் போட்டது. அந்தக் காலத்து ரேடியோவுக்குள் கண்ணாடிக் குழாய் சிவப்பாக எரியுமே... அதேதான். கேஸ் சிலிண்டர் கனம் இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்க எழுபது படிக்கு மேல். ஒரு பக்கம் ரொஷான், மறுபக்கம் கௌரி — இப்படித்தான் இத்தனை வருஷமும் அந்தப் பெட்டி வேனுக்குப் போனது.

இந்த வருஷம் கௌரிக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது. "இனிக் கனம் தூக்கினீங்கன்னா திரும்ப இங்கதான் வரணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் சும்மா இருப்பாளா? யாரோ பாவித்த ஒரு மாடலரைத் தேடி வாங்கி வந்தாள். செங்கல் அளவுதான். ஊரில் உள்ள ஆம்ப் சத்தங்களையெல்லாம் கம்பியூட்டர் கணக்காக்கி அதற்குள் போட்டிருக்கிறார்களாம். கிட்டாரை மாட்டி, பட்டனைத் திருகி, ஸ்பீக்கருக்கு வயர் கொடுத்தால் வேண்டிய ஆம்ப் மாதிரிப் பாடுமாம். தோள் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலேயே போகலாம்.

மாஸ்டர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இது விளையாட்டுச் சாமான் பிள்ள. வால்வ் சத்தத்துக்கு உயிர் இருக்கு. இது செத்த சத்தம்."

"கேட்டுட்டுச் சொல்லுங்க மாஸ்டர்."

"கேக்கணுமா? ஏற்கெனவே மேடைக்குப் போனா ஒனக்குக் கை விறைச்சுப் போகுது. இந்த வீட்டுல தேன் மாதிரி வாசிக்கிற. ஹோல்ல தகரம் மாதிரி வருது. இதுல விளையாட்டுச் சாமான் வேறயா?"

இந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. அஞ்சு வருஷமாக ஒவ்வொரு கல்யாணம் முடிந்தும் அவர் சொல்வது இதுதான். 'கை விறைக்குது.' கௌரியும் நம்பிவிட்டாள். மேடை ஏறுமுன் சுடுதண்ணீரில் விரலை ஊறவைப்பாள். "எனக்கு மேடை ராசி இல்லம்மா" என்பாள். வீட்டில் வாசிக்கும்போது நான் கேட்கிறேனே! அந்தக் கை எங்கே விறைக்கிறது?

கடைசியில் மாஸ்டர் ஒரு பரீட்சை வைத்தார். "ரெண்டு கெழமை தாறேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வந்து, திரும்பி உக்காந்து கேக்குறேன். வித்தியாசம் தெரியலன்னா ஒன் பொட்டியக் கொண்டு வா. தெரிஞ்சா... அடுத்து வாசிக்கப் போற புசல்லாவைக் கல்யாணத்துக்கு வேற ஆளத்தான் பாக்கணும். கோவிச்சுக்காத."

வேறு ஆள் ஒரு தடவை வந்தால், அப்புறம் அந்த ஆள்தானே!

தினமும் வேலை விட்டு வந்து, ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு உட்கார்ந்துவிடுவாள். ஒரே துண்டை ஆம்ப்பில் வாசிப்பாள், பிறகு மாடலரில் வாசிப்பாள். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைப்பாள். "சத்தம் கூடினதுதான் நல்லதாக் கேக்கும்மா, அது ஏமாத்து" என்பாள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன்.

"அம்மா, இப்ப எது?"

"புதுசு."

"இப்ப?"

"பழசு."

"எப்புடிம்மா கண்டுபிடிக்கிற?"

"புதுசு முள்ளுக்கரண்டியால பீங்கானச் சொரண்டுற மாதிரி இருக்கு."

ஏதோ பட்டனைத் திருகுவாள். மறுநாள் சுரண்டல் இருக்காது.

"இப்ப?"

"புதுசுதான். விடுற எடத்துல டக்குன்னு நிக்குது. பழசு ஈரத்துணி மாதிரி ஒட்டி ஒட்டி விடும்."

இன்னொரு பட்டனைத் திருகுவாள். இப்படியே பதின்மூன்று நாள். பதின்மூன்றாம் நாள் நான் "பழசு" என்றேன். முன்னறையிலிருந்து ஒரே கத்தல்! ஓடி வந்து, தேங்காய்ப்பூக் கையோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அது புதுசாம். பட்டன்கள் அசையாதபடி ஒவ்வொன்றுக்கும் நேராக நெயில் பாலிஷால் புள்ளி வைத்துவிட்டாள்.

ஞாயிறு வந்தது. காலை பத்து மணி. மாஸ்டர் கதிரையைத் திருப்பிப் போட்டு, சுவர்க் கலண்டரைப் பார்த்து உட்கார்ந்தார். வயர் மாற்றுவது ரொஷான். கௌரி வாசித்தாள்.

"செத்தது" என்றார் மாஸ்டர்.

சரி.

"இது உயிர்."

அதுவும் சரி.

"செத்தது... செத்தது... இது உயிர்."

ஒன்றுகூடத் தப்பவில்லை. என்ன கொடுமை தெரியுமா? குசினியில் நின்ற எனக்கும் நன்றாகவே தெரிந்தது! முந்தா நாள் பிரித்துச் சொல்ல முடியாத இரண்டும் இன்றைக்கு உப்பும் சீனியும் மாதிரி வேறு வேறாக நின்றன.

கௌரி வயரைச் சுற்றத் தொடங்கினாள். "நான் சொன்னேன்தானே பிள்ள" என்றார் மாஸ்டர். நல்ல மனிதர்தான், அவருக்கும் சந்தோஷமில்லை.

நான் அடுப்படியில் நின்று யோசித்தேன். பட்டன்கள் புள்ளிக்கு நேராகவே இருக்கின்றன. அப்படியானால் புதுசு மாறவில்லை. மாறியது பழசு! சாயந்தரத்தில் குழைந்து வருகிற ஆம்ப் இப்போது சத்தம் கூடி விறைப்பாகப் பேசுகிறது. அந்தக் கூடின சத்தத்தைத்தான் மாஸ்டர் உயிர் என்றிருக்கிறார். இந்த விறைப்பை நான் எங்கே கேட்டிருக்கிறேன்...?

என் தையல் மெஷினில்!

நான் பிளவுஸ் தைப்பவள். மெஷினுக்கு மோட்டர் போட்டிருக்கிறது. பகலில் "கிர்ர்" என்று ஓடும். விளக்கு வைக்கிற நேரத்தில் சுணங்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் முனகவே செய்யும். ஏன்? திங்கட்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்கு வீடு வெள்ளை உடுப்பு அயன் பண்ணுகிறார்கள். ரைஸ் குக்கர், தண்ணி மோட்டர் எல்லாம் சேர்ந்துகொள்ளும். சந்து முழுக்க ஒரே லைனில் தொங்குகிறது... கரண்ட் இறங்காமல் என்ன செய்யும்? அதனால்தான் ஞாயிறு ஆறு மணிக்கு மேல் நான் கழுத்துப் பட்டி தைப்பதே இல்லை.

ஆம்ப்புக்கும் அதே சுவர்க் கரண்ட்தானே! மாடலருக்கு ஃபோன் சார்ஜர் மாதிரிச் சின்ன அடப்டர். கரண்ட் இறங்கினாலும் அது அசையாது. கௌரி பதின்மூன்று நாளும் பழகியது சாயந்தரத்து ஆம்ப்பை. மாஸ்டர் கேட்டது காலை ஆம்ப்பை.

இதை எப்படிச் சொல்வது? "டீ எடுத்துக்குங்க" என்பதைத் தவிர அவர்களிடம் நான் பேசியதில்லை. வாசல் சீலையை விலக்கிக்கொண்டு நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கௌரி... சாயந்தரம் ஆறரைக்குத் திரும்ப வரச் சொல்லு."

அவ்வளவுதான் வந்தது.

மாஸ்டர் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "ஞாயிறு நாலரையிலருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். அது கழிஞ்சு அரை மணி... ஆஹா! அக்கா நேரம் பாத்துச் சொல்றாங்க!"

ரொஷான் சிரித்தான். "அம்மே, கிட்டாருக்கும் நெக்கத், நல்ல நேரம் பாக்குறதா?"

நான் ஆமென்று தலையாட்டிவிட்டேன். வேறென்ன செய்ய? கரண்ட் என்று சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ராகு காலம் என்றால்... யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

அவர்கள் போனதும் கௌரி சொன்னாள்: "ஏம்மா, காலையில பட்டது போதாதா?"

"நீ வாசி. ஒரு பட்டனையும் தொடாத."

மாஸ்டர் சரியாக ஆறரைக்கு வந்தார். சந்தெல்லாம் நனைந்த துணி அயன் சூட்டில் காயும் வாசம். பல்பு மஞ்சளாக எரிந்தது. மறுபடியும் கலண்டரைப் பார்த்து உட்கார்ந்தார்.

கௌரி வாசித்தாள்.

"ம்... உயிர்."

ரொஷான் என்னைப் பார்த்தான். வயர் மாடலரில்!

"இதுவும் உயிர் மாதிரித்தான்... இரு, இரு. இன்னொருக்கா வாசி."

அடுத்தது.

"இது செத்தது."

அவருடைய சொந்த ஆம்ப்! ரொஷான் வாயைப் பொத்திக்கொண்டான். ஆறு தரம் மாற்றி மாற்றிக் கேட்டார். ஆறாவதில் கையைத் தூக்கினார்.

"நிப்பாட்டு. இதுதான் நம்ம ஆம்ப். இத்தனை வருஷமாக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா?"

திரும்பினார். வயர் நெயில் பாலிஷ் வைத்த பெட்டியில் மாட்டியிருந்தது.

பிறகு மாஸ்டர் என்னைப் பார்த்து, "அக்கா... என்ன நேரம் இது?" என்றார் — சாமியாடியிடம் கேட்கிற மாதிரி.

அப்போதுதான் பேசினேன். மெஷினில் உட்கார்ந்து பெடலை அழுத்தினேன். "ம்ம்ம்ம்" என்று முனகியது.

"காலையில இது கிர்ருன்னு ஓடும் மாஸ்டர். இப்ப கரண்ட் எறங்கிப் போச்சு. சந்து முழுக்க வெள்ள உடுப்பு அயன் பண்ணுறாங்க. அவ பொட்டி மாறல. ஒங்க ஆம்ப்தான் நேரத்துக்கு நேரம் மாறுது. ஒங்களுக்குப் புடிச்ச சத்தம் இந்த வீட்டுச் சாயந்தரச் சத்தம்."

அஞ்சாறு வசனம்! எனக்கே ஆச்சரியம்.

மாஸ்டர் ஆம்ப்பின் மேல் கையை வைத்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

"அப்ப... ஹோல்ல கரண்ட் முழுசா வருமே."

ரொஷான் கையிலிருந்த வயரைக் கீழே வைத்தான்.

"கௌரி... அங்க விறைச்சது ஒன் கை இல்லையா?"

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷம் ஒன் கையத் திட்டிட்டேனே பிள்ள!"

"பரவாயில்ல மாஸ்டர். இனிமே அயனத் திட்டுங்க" என்றாள் கௌரி. ரொஷான் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று குசினிக்குள் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. குடம் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது... எனக்குத் தெரியாதா?

சரி, மாடலர் நல்லதா, நிஜ ஆம்ப் நல்லதா என்று கேட்பீர்கள். பொய் சொல்ல மாட்டேன். காலையில் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். நிஜ ஆம்ப் வீட்டுக்கு வீடு, நேரத்துக்கு நேரம் மாறும். மாடலர் ஒரே ஒரு நேரத்தைக் கற்றுக்கொண்டு அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். நமக்குப் பழகிய நேரத்துச் சத்தத்தைத்தான் நாம் அசல் என்கிறோம். ஆட்களையும் அப்படித்தானே எடை போடுகிறோம்? எந்தச் சுவரில் பிளக்கைக் குத்தினோம் என்று பார்க்காமல், கையைக் குறை சொல்கிறோம்.

புசல்லாவைக் கல்யாணத்துக்கு நானும் போனேன். வழக்கமாகப் போவதில்லை. காலை பதினொரு மணி, தாலி கட்டி முடிந்திருந்தது. கௌரி தோள் பையிலிருந்து அந்தச் செங்கல்லை எடுத்து மாட்டினாள். விரலைச் சுடுதண்ணீரில் ஊறவைக்கவில்லை. அவ்வளவு பெரிய ஹோலின் ஸ்பீக்கரில், பட்டப் பகலில், எங்கள் முன்னறையின் ஞாயிறு ஆறரை மணி வந்தது பாருங்கள்... சாப்பாட்டுக்கு எழுந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா இன்னொருத்தியிடம், "யாரு அந்தப் பிள்ள? என்னமா வாசிக்குது!" என்றார்.

"என் மகள்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. முன் மூன்று வரிசை திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனியவில்லை.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். வால்வ், கரண்ட், அடப்டர் எல்லாம் காதால் கேட்டதையும் மெஷின் மிதித்ததையும் வைத்து எழுதியவை. மின்சாரம் தெரிந்த யாராவது ஒரு தடவை பார்த்துத் திருத்தட்டும். சாயந்தரப் பரீட்சையில் ஆறுக்கு நாலு பிழை என்பதை மட்டும் யாரும் தொட வேண்டாம்... சந்தேகமாக இருந்தால் மாஸ்டரையே கேளுங்கள்!