எழுதாமல் போட்டுவைத்த சிபாரிசுக் கடிதம்

போன புதன்கிழமை செல்வநாயகி டிபார்ட்மெண்டுக்கு வந்தாள். கையில் ஒரு ஃபேக்ஸ் தாள். பிரான்சில் லியோன் நகரத்து ஆய்வகம் ஒன்றில் பி.எச்டி. செய்ய இடம் கிடைத்துவிட்டதாம். மூன்று வருடம், உதவித்தொகையோடு.

சந்தோஷமாக இருந்தது. கூடவே வெட்கமாகவும். ஏன் என்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்... வேறு யாரிடம் சொல்வது?

நான் இயற்பியல் வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். செல்வநாயகி என்னிடம் எம்.எஸ்சி. படித்தவள். அப்பா எங்கள் ஊர் கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். உலோகத்தின் மேல் மெல்லிய படலம் பூசுவதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். அதே ஆராய்ச்சி பிரான்சில் கிரெனோபிள் என்ற ஊரில் நடக்கிறது, வெளிநாட்டு மாணவர்களை எடுக்கிறார்கள், பிரெஞ்சு தெரியாவிட்டாலும் முதலில் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம் — எல்லாவற்றையும் லைப்ரரியில் உட்கார்ந்து அவளே கண்டுபிடித்தாள். என்னிடம் கேட்டது ஒரே ஒரு சிபாரிசுக் கடிதம்.

ஒரு பக்கம். அரை மணி நேர வேலை.

எழுதினேனா? இல்லை. விடைத்தாள், இன்டர்னல் மார்க், மீட்டிங்... வீட்டுக்குப் போனால் சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. மூன்று முறை வந்து கேட்டாள். மூன்று முறையும் "நாளைக்கு" என்றேன்.

ஒருவழியாக எழுதி அனுப்பியபோது கிரெனோபிள்காரர்கள் வேறொருவரை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆசிரியர் கடிதம் உரிய நாளில் வரவில்லை என்று ஒரு வரி. அந்தப் பதிலைக் கொண்டுவந்து காட்டினாள்.

"மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"பரவால்லீங்க சார். உங்களுக்கும் வேலைதானுங்களே."

திட்டியிருந்தால் தேவலை.

பிறகு மெதுவாகச் சொன்னாள். "லியோன்ல இன்னொரு லேப் இருக்குதுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள லெட்டர் போயாகோணுமுங்க. இங்க ஒரு பாலிடெக்னிக்ல வேலைக்குக் கூப்புட்டிருக்காங்க. மூணு வருசம் உட்டுப் போகமாட்டேன்னு எழுதிக் குடுக்கோணுமாமுங்க. லியோனும் இல்லீன்னா அதுலதான் சேரோணுமுங்க. கொஞ்ச நாள் டைம் கேட்டிருக்கறனுங்க."

"நாளைக்குக் கட்டாயம்..." என்று ஆரம்பித்தேன்.

"இல்லீங்க சார். நான் இங்கயே உக்காந்துக்கறனுங்க. நீங்க எழுதுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பெல் அடித்தது. கிளாஸ் இருக்கிறதே என்றேன்.

"கிளாஸ முடிச்சுப்போட்டு வாங்க சார். இருக்கறனுங்க."

ஒரு மணி நேரம் கழித்து வந்தேன். அதே நாற்காலி, அதே பெண். முகத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

எழுதினேன். இருபத்தைந்து நிமிடம்தான் ஆனது! இருவருமாக எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தோம். நாலு தடவை லைன் கிடைக்கவில்லை. ஐந்தாவது தடவை ஃபேக்ஸ் மெஷின் மெல்லத் தாளை உள்ளே இழுத்தது. பக்கத்தில் அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அந்தக் கடிதத்துக்குப் பதில்தான் புதன்கிழமை கொண்டுவந்த தாள். "ரொம்ப நன்றிங்க சார்" என்று வேறு சொன்னாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன்.

களைப்பு பொய்யில்லை. இதை எழுதும்போதும் கண் சொருகுகிறது. நம்மில் யாருக்குத்தான் களைப்பு இல்லை?

ஆனால் களைத்தது நான்... போக இருந்தது அவளுடைய மூன்று வருடம்.