மச்சானுக்காகக் குடித்த கோதுமை பீர்

என் அக்காவின் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சுச் சிகிச்சை என்று கரண்ட் வைத்ததில் நாக்கின் ருசி முதலில் போனது, பின்னாலேயே மோப்பமும் போனது. கடைசியில் விழுங்கவே முடியாமல் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். அக்கா வேளாவேளைக்கு ராகிக் கஞ்சியையும் பருப்புத் தண்ணீரையும் சிரிஞ்சில் எடுத்து அதில் ஏற்றுவாள். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, பையன் ஜெர்மனியில இருந்து வந்தப்ப ஒரு பீரு கொண்டாந்து ஃப்ரிட்ஜுல வெச்சுட்டுப் போயிருக்கறானுங்க. நீங்க வந்து குடிக்கோணும். குடிச்சுப்போட்டு எப்படி இருக்குதுன்னு எனக்குச் சொல்லோணும்."

அந்தக் குரலில் பாதி காற்றுதான். நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார். எனக்கு அன்னூரில் பம்ப்செட் கடை. ஞாயிறன்றும் மதியம் வரை திறந்திருக்கும். அன்றைக்குப் பத்து மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டுச் சிங்காநல்லூருக்கு வண்டியை எடுத்தேன்.

மச்சான் குடிகாரர் இல்லை. நூல் மில்லில் மெஷின் பராமரிப்பு பார்த்தவர். புது மெஷின் வாங்கும்போதெல்லாம் மில்காரர்கள் அவரைப் பயிற்சிக்கு ஜெர்மனி அனுப்பினார்கள். போன இடத்தில் கோதுமை பீர் மேல் ஒரு பிரியம் ஒட்டிக்கொண்டது. திரும்பும்போது பெட்டியில் இரண்டு பாட்டில் வரும், அதைக் குடிக்க நான்தான் கூட்டு. ஆனால் அவரோடு உட்கார்ந்தால் நிம்மதியாகக் குடிக்க விடமாட்டார். ஒரு மடக்கு உள்ளே போனதும் கேள்வி ஆரம்பித்துவிடும். நல்லா இருக்குதுங்க என்று சொன்னால் கோபம் வரும்.

"நல்லா இருக்குதுன்னா என்னங்க அர்த்தம்? என்ன வாசம், எங்க கசக்குது, அதைச் சொல்லுங்க மாப்ள" என்பார்.

முதல் தடவை பீர் கலங்கலாக இருந்ததைப் பார்த்துவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் கிளாசில் ஊற்றிக்கொண்டு அடியில் நின்றதை வாஷ்பேசினில் கொட்டினேன். கிணற்றுத் தண்ணீரைத் தெளிய வைத்துக் குடித்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? அந்த வண்டலில்தான் பாதி ருசி இருக்கிறதாம். அரை மணி நேரம் திட்டினார், ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு 'ங்க' போட்டு. எங்கள் ஊரில் மரியாதையோடு வாங்கும் திட்டுக்குத்தான் வலி அதிகம்.

போன் வந்த அந்த ஞாயிறு, அக்கா கேட்டிலேயே காத்திருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ரகசியம் போலச் சொன்னாள்.

"உன்ற மச்சான் கேட்டாருன்னு வந்துட்ட, சரி, குடி. ஆனா நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்லிப்போடாத கண்ணு. மனுசன் ஏங்கிப்போயிருவாரு."

அவள் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் அது பழக்கம். வீட்டில் யாராவது பத்தியம் இருந்தால், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து அவர்கள் காதில் விழும்படி குறை சொல்ல வேண்டும். குழம்பில் உப்பு தூக்கல், கறி வேகவே இல்லை, வாயில் வைக்க முடியவில்லை என்று. எனக்கு மஞ்சள் காமாலை வந்த வருடம் ஊர்த் திருவிழா நோம்பிக்கு வீடே கோழி அடித்துத் தின்றது. ஒருவர் விடாமல் என் கட்டிலுக்கு வந்து, அந்தக் குழம்பைப் பற்றி அத்தனை கேவலமாகப் பேசிவிட்டுப் போனார்கள். நானும் நம்பி, மோர் சாதத்தைத் தின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அன்பென்றால் எங்களுக்கு அதுதான்.

மச்சான் ஹாலில் ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கோடு குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். ஆனால் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். பக்கத்து டீப்பாயில் உயரமான கண்ணாடி கிளாஸ் கழுவித் தயாராக இருந்தது. விசேஷத்துக்குக் கிளம்பியவர் மாதிரி இருந்தார்.

பேச்சைச் சேமிப்பதற்காகக் கையாலேயே சொல்லிக்கொடுத்தார். கிளாசைச் சாய்த்துப் பிடி. மெதுவாக ஊற்று. கடைசி இரண்டு விரல் அளவு நிறுத்து. இப்போது பாட்டிலைச் சுழற்றி ஆட்டு, வண்டல் கலங்கட்டும், ஊற்று. நுரை வெண்ணெய் திரண்ட மாதிரி மேலே ஏறி நின்றது. கீழே பீர் மஞ்சளும் காவியும் கலந்த நிறத்தில் கலங்கிக் கிடந்தது.

"இது ரொம்ப ஸ்ட்ராங்குங்க. ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டிருக்கறாங்களாமா. அந்தப் பூவுலதான் கசப்பு வருது. நான் குடிச்சதே இல்லீங்க இந்த மாதிரி" என்றார்.

மூக்கருகே கொண்டுபோனதும் வாழைப்பழம் வந்தது. என் மாமனார் வீடு கோபிசெட்டிபாளையம். அங்கே பூவன் தார் பழுக்க வைத்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதே வாசம். பின்னால் லேசாகக் கிராம்பு. அதற்கும் பின்னால் முந்தைய பீர்களில் நான் காணாத ஒன்று, நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறினால் வரும் சுருக்கென்ற வாசம். குடித்தேன். நுரை உதட்டிலேயே கரைந்தது. கோதுமையின் மெத்தென்ற கனம் நாக்கு முழுவதும் பரவி, இனிப்பாக ஒரு கணம் நின்றது. இவ்வளவுதான் போல என்று நினைத்த நேரத்தில் நடு நாக்கிலிருந்து கசப்பு எழுந்தது. நன்றாக அழுத்தமான கசப்புதான், ஆனாலும் முகம் சுளிக்கத் தோன்றவில்லை. விழுங்கியதும் நெஞ்சில் சூடு இறங்கியது. சூடு அடங்கிய பிறகும் அடிநாக்கில் கசப்பு போகாமல் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக இனித்தது. இத்தனை வருடத்தில் நாங்கள் குடித்ததிலேயே இதுதான் உசத்தி. இதைக் குடிக்க வேண்டியவர் எதிரே குழாயோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து வந்திருந்தார். "சொல்லுங்க" என்றார்.

"ஒண்ணும் சொகமில்லீங்க மச்சான்."

"வாழப்பழ வாசம்?"

"இல்லீங்க."

"கிராம்பு? கொஞ்சமாச்சும் இருக்கோணுமே?"

"காணமுங்க. வெறும் கசப்புத்தானுங்க. மருந்தாட்ட இருக்குது."

"இன்னொரு மடக்குக் குடிச்சுப் பாருங்க மாப்ள."

குடித்தேன். இரண்டாவது மடக்கு முதலாவதைவிட நன்றாக இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். நடிப்பில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, இன்று நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகப் பின்னால் சாய்ந்தார்.

"அப்பக் கெட்டுப்போச்சுங்க. வர்ற வழியில வெயிலு பட்டிருக்கும். கொட்டிப்போடுங்க" என்றார்.

கிளாசைச் சமையலறைக்கு எடுத்துப்போய் சிங்க்கில் ஊற்றினேன். ஊற்ற ஊற்ற வாசம் எழுந்து அறையெல்லாம் நிறைந்தது. அடுப்பில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்து, "என்ன கண்ணு, வாழப்பழ வாசமா வருது?" என்றாள். நான் தண்ணீரைத் திறந்துவிட்டு சிங்க்கைக் கழுவினேன். அவளும் புரிந்துகொண்டு மறுபடி கஞ்சியைக் கிண்டினாள். பத்தடி தள்ளி ஹாலில் இருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். கடை எப்படி ஓடுகிறது, அன்னூர்ப் பக்கம் மழை உண்டா என்றெல்லாம் கேட்டார். ருசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுவரை அவர் அக்காவிடம் தினமும், இன்றைக்கு என்ன குழம்பு, புளி எவ்வளவு போட்டாய், காரம் எப்படி என்று விசாரிப்பாராம். அதையும் நிறுத்திவிட்டார். "பாரு, இப்ப ஏங்கறதே இல்ல" என்று அக்கா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். ஐந்தாவது ஞாயிறு வருவதற்குள் போய்விட்டார்.

ஜெர்மனியிலிருந்து பையன் வந்து கொள்ளி வைத்தான். கருமாதி முடிந்த மறுநாள் மதியம், உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, ஒண்ணு கேக்கோணுமுங்க. அந்தப் பீரு நெசமாவே கெட்டுப்போயிருந்துச்சுங்களா? அப்பா போன்ல சொன்னாரு, பரவால்ல கண்ணு, வெயிலு பட்டிருக்கும்னு. நான் ரெண்டு ஸ்வெட்டருக்குள்ள சுத்தித்தானுங்க எடுத்தாந்தேன். ஏர்போர்ட்டுல இருந்து வர்றப்ப டாக்ஸி டிக்கியில கெடந்துச்சு. அதுலயா கெட்டுருக்கும்? தெனமும் இதையே யோசிச்சுட்டு இருக்கறேனுங்க. கடைசியா அவருக்குன்னு நான் கொண்டாந்தது அது ஒண்ணுதானுங்க."

இந்தத் தடவை பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுக்கிய நாற்காலியை மறுபடி எடுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னேன். வாழைப்பழத்திலிருந்து ஆரம்பித்தேன். கிராம்பைச் சொன்னேன். நார்த்தங்காய்த் தோலைச் சொன்னேன். இனிப்பு எப்போது வந்தது, கசப்பு எந்த இடத்தில் எழுந்தது, நெஞ்சுச் சூடு எவ்வளவு நேரம் இருந்தது, கடைசியில் எப்படி இனித்தது என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் மச்சானிடம் சொல்லியிருக்க வேண்டிய அதே வரிசையில், அவர் கேட்கும் விதத்திலேயே சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இதை அப்பாகிட்டச் சொல்லலீங்களா மாமா?"

"ஏங்கிப்போயிருவாருன்னு பயந்துட்டேன் கண்ணு."

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. அவன் அப்பாவைப் போலவே மரியாதையாகத்தான் சொன்னான்.

"ஏங்கறதுக்குத்தானுங்களே மாமா, உங்களைக் கூப்புட்டாரு."