மாடலுக்குள் ஊற்றிய தண்ணீர்

1. கதவில்லாத வீடு

நான் 3டி-யில் எழுப்பிய முதல் வீட்டுக்குள் யாராலும் போக முடியாது. தப்பித் தவறிப் போனால் வெளியே வரவும் முடியாது.

சிதம்பரத்தில் எங்கள் இன்ஜினியர் ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த வாரம் அது. அதற்கு முன் பத்தொன்பது வருடம் நான் பிளான் போட்டுக்கொண்டிருந்தவள். கடலூர் சிப்காட் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் டிராயிங் போர்டும் டி-ஸ்கொயருமாக ஆரம்பித்தேன். பிறகு கம்ப்யூட்டரில் வரைகிற கேட் சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு சிதம்பரம் வந்து இந்த ஆபீசில் சேர்ந்தேன். தட்டைப் படம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் திமிரும் கொஞ்சம் இருந்தது.

எங்கள் இன்ஜினியர் சார் ஒருநாள் சொன்னார்: “செல்வி, வர்றவங்க எல்லாரும் போன்ல எதையாவது காட்டி இந்த மாதிரி எலிவேஷன் வேணும்ங்கறாங்க. நாம பிளான நீட்டுனா பேப்பர தலைகீழா புடிச்சிக்கிட்டுத் தலைய ஆட்டுறாங்க. இனிமே 3டி இல்லாம பொழப்பு ஓடாது.”

சரி என்று ஒரு பழைய பிளானை உள்ளே இழுத்துப் போட்டு, சுவர்க் கோடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பத்து அடி மேலே இழுத்தேன். மாவு பிசைந்து உருட்டுகிற மாதிரி கைக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. முடித்துவிட்டு, ஆளுயரத்தில் கேமராவை வைத்து வீட்டைச் சுற்றி நடந்தேன். வாசலைக் காணோம். ஜன்னலையும் காணோம். பிளானில் கதவும் ஜன்னலும் வெறும் கோடுகள்தானே, நான் அவற்றையும் சேர்த்து இழுத்துவிட்டேன். நாலு பக்கமும் அடைத்த டப்பா!

ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு கேள்வி மாட்டிக்கொண்டது. ஜன்னல் தரையிலிருந்து மூன்று அடியில் ஆரம்பிக்கிறது, கதவு ஏழு அடி, லாஃப்ட் ஏழு அடி என்றெல்லாம் பிளானில் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. என் தலைக்குள் இருந்தது. பத்தொன்பது வருடமாக உயரத்தைப் பழக்கத்தில் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். சாஃப்ட்வேருக்குப் பழக்கம் கிடையாது. எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்கும்.

எனக்கு எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. அடுத்த ஒரு மாதம் கண்ணில் பட்ட பிளானை எல்லாம் மேலே இழுத்தேன். எங்கள் வீட்டுச் சமையலறையையும் இழுத்து, என் உயரத்துக்கு ஒரு பொம்மையை அதில் நிறுத்திப் பார்த்தேன். அலமாரியின் விளிம்பு சரியாக என் நெற்றியில் வந்து நின்றது. எட்டு வருடமாக நான் இடித்துக்கொண்டது என் கவனக்குறைவால் இல்லை என்று வீட்டுக்காரரிடம் படத்தோடு நிரூபித்தேன்.

2. கோட்டுப் போட்ட ஆள்

பாஸ்கரும் செந்தாமரையும் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. குமராட்சியைத் தாண்டி, கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் ஊர். பாஸ்கர் மினிபஸ் டிரைவர். செந்தாமரை நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவர். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டப் போகிறார்கள். பிளான் ஏற்கெனவே தயார். தரைத்தளம் ‘ஜி.எல்.’ என்கிற நில மட்டத்திலிருந்து மூன்று அடி உயரம் என்று நான்தான் எழுதியிருந்தேன்.

பாஸ்கர் கேட்டது எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்புத் தோற்றம். முன்னால் ஒரு போர்டிகோ, அதில் இரண்டு உருட்டுத் தூண். நான் மெனக்கெட்டுச் செய்திருந்தேன். பச்சைப் புல்தரை, சிவப்புக் கார், பக்கத்தில் அளவுக்காக சாஃப்ட்வேரே கொடுக்கிற கோட்டுப் போட்ட ஆறடி மனிதர்.

“யப்பா! நம்ம ஊர்ல எவன் வூடும் இந்த மாதிரி இல்ல மேடம்” என்று பாஸ்கர் திரையைப் போனில் படம் பிடித்தார்.

செந்தாமரை திரையில் வீட்டின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். தண்ணி வந்தா இதுல எதுவரைக்கும் நிக்கும்?”

பாஸ்கர் சிரித்தார். “ஆரம்பிச்சிட்டா. முழங்கால் தண்ணிக்கு ஊரயே கூட்டுனவ மேடம் இவ.”

“முழங்காலா? மாரளவு வந்துச்சி.”

“ஜாஸ்தி சொல்லாத. நானும்தான் அன்னிக்கி நின்னேன்.”

“நீங்க நின்னீங்க. நான் புள்ளயத் தோள்ல வச்சிக்கிட்டு நின்னேன்.”

கொள்ளிடம் ஊருக்குள் வந்த ஒரு வருடத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சண்டை பல வருடமாக நடக்கிறது என்பது கேட்கும்போதே தெரிந்தது. பாஸ்கர் அதைச் சொல்லி ஊரில் எல்லோரையும் சிரிக்க வைத்திருப்பார் போலிருந்தது. செந்தாமரை சிரிக்கவில்லை.

“பழைய வூட்ல வெத நெல்லு போச்சி, புள்ள சர்ட்டிபிகேட் போச்சி. புது வூட்லயும் தண்ணி வந்தா நான் அங்க இருக்க மாட்டேன் மேடம். இவரு தூண கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்கட்டும்.”

எனக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. மாடலுக்குள் மெல்லிய நீலத் தகடு ஒன்றைப் போட்டு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும்படி செய்தேன். மேலே இழுத்தால் தண்ணீர் ஏறும், கீழே விட்டால் வடியும். முதலில் கோட்டுப் போட்டவரின் மாரளவுக்கு ஏற்றினேன். கூடத்துக்குள் ஒன்றரை அடித் தண்ணீர். பாஸ்கர் இன்னும் சத்தமாகச் சிரித்தார். உள்ளே இருந்து எங்கள் சார் எட்டிப் பார்த்தார்.

“செல்வி, எலிவேஷன முடிச்சி அனுப்பி வைங்க. வெள்ளத்த நாம எதுக்கு வரையணும்?”

அப்போதுதான் செந்தாமரை திரையில் விரல் வைத்தார். “யாரு மேடம் இது, கோட்டு போட்டுக்கிட்டு?”

“சும்மா, அளவுக்கு ஒரு ஆள்.”

“இவரு எங்க ஊர்த் தண்ணியில நின்னிருக்காரா? இவர எடுத்துட்டு என்னய நிக்க வைங்க.”

நானும் சிரித்தேன். சிரித்த பிறகு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. டிராயரிலிருந்து டேப்பை எடுத்து அவரைச் சுவரோரம் நிறுத்தினேன். நாலு அடி பதினோரு இன்ச். தண்ணீர் நின்ற இடத்தை நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். தரையிலிருந்து மூன்று அடி எட்டு இன்ச். பாஸ்கரையும் விடவில்லை. ஐந்தடி பத்து இன்ச், முழங்கால் ஒரு அடி எட்டு இன்ச்.

இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரே வெள்ளம், ஒரே நாள், இரண்டு தண்ணீருக்கும் நடுவே சரியாக இரண்டு அடி வித்தியாசம். பாஸ்கர் கணக்குப்படி வீடு தப்பித்துவிடும். செந்தாமரை கணக்குப்படி புது வீட்டுக் கூடத்தில் எட்டு இன்ச் தண்ணீர் நிற்கும். யாரோ ஒருவர் சொல்வது தப்பு. அது யார் என்று தெரியாமல் அந்தப் படத்தை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

3. டியூப்பின் இரண்டு முனைகள்

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கரின் மினிபஸ்ஸிலேயே ஊருக்குப் போனேன். மனைக்கு அளவு எடுக்க முன்பு நான் வந்ததில்லை. சைட் ஸ்கெட்ச் வந்தது, அதை வைத்துப் பிளான் போட்டோம். எல்லா வேலையும் அப்படித்தான் நடக்கும்.

“அன்னைக்கு எங்கே நின்றீர்களோ அங்கேயே போய் நில்லுங்கள்” என்றேன்.

பாஸ்கர் ரோட்டிலேயே நின்றார். “இங்கதான் மேடம். ஆளுங்கள ஏத்த வண்டிய நிறுத்தி வச்சிருந்தேன். இவளயும் புள்ளயயும் மச்சான்தான் கயிறு கட்டிக் கூட்டியாந்தான்.” மச்சான் என்றது செந்தாமரையின் தம்பியை.

செந்தாமரை மனைக்குள் நடந்து, பழைய வீட்டு வாசல் இருந்த இடத்தில் போய் நின்றார். “நான் இங்க.”

இரண்டு பேருக்கும் நடுவே நாற்பது அடி இருக்கும். நடுவில் வைக்கோல் போர், கல் குவியல். சரிவு என்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செந்தாமரையிடம் பேச நான் ரோட்டிலிருந்து சற்றுக் கீழே பார்க்க வேண்டியிருந்தது. அவர் தலை என் தோளுக்குக் கீழேதான் தெரிந்தது.

வேலை எடுத்திருந்த மேஸ்திரியிடம் மட்டம் பார்க்கிற டியூப் இருந்தது. நீளமான பிளாஸ்டிக் டியூப்தான். உள்ளே தண்ணீர் ஊற்றினால் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையைப் பாஸ்கரிடமும் மறு முனையைச் செந்தாமரையிடமும் கொடுத்து, உடம்போடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னேன். பாஸ்கரின் முழங்காலுக்கு வரும்வரை மேஸ்திரி தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் குலுங்கிக் குலுங்கி அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“எங்க நிக்கிது?” என்று மேஸ்திரி கத்தினார்.

பாஸ்கர் குனிந்து பார்த்தார். “முழங்கால்ல மாமா.”

செந்தாமரை டியூப்பை நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். தண்ணீர் அங்கே நின்றது. ஆபீஸ் சுவரோரம் அவர் கை வைத்துக் காட்டிய அதே இடம்.

பாஸ்கர் டியூப்பைக் கீழே விடாமல் அவரையே பார்த்தார். “அப்ப நீ சொன்னது...”

“நான் தண்ணியச் சொன்னேன். நீங்க ரோட்டச் சொன்னீங்க.”

ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டிருக்கிறார்கள். ரோடு ஏறிக்கொண்டே போக, வீடுகள் இருந்த இடத்திலேயே பள்ளத்துக்குப் போய்விட்டன.

தப்பு யாருடையது என்றும் அன்று தெரிந்தது. என்னுடையது. ஸ்கெட்ச் எடுத்தவர் மட்டத்தை ரோட்டிலிருந்து எடுத்திருந்தார். நான் அதை ‘ஜி.எல்.’ என்று இரண்டு எழுத்தில் முடித்துவிட்டேன். மூன்று அடியை எங்கிருந்து அளப்பீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

“மனையிலேர்ந்துதாம்மா. ரோட்லேர்ந்து எதுக்கு அளக்கணும்?”

மாடலில் நான் போட்ட தரை ரோட்டையும் மனையையும் சேர்த்து ஒரே தட்டையாக இருந்தது. சாஃப்ட்வேர் திறந்ததும் ஜீரோ என்று ஒரு தரையைக் கொடுக்கும். அதன் மேல் கட்டிவிட்டேன். பக்கத்திலேயே புல்லும் நட்டு, காரையும் நிறுத்தியிருக்கிறேன்!

திங்கட்கிழமை எல்லாவற்றையும் மாற்றினேன். ரோடு ஜீரோ, மனை இரண்டு அடி கீழே. பாஸ்கர் பொம்மை ரோட்டில், செந்தாமரை பொம்மை மனையில். ஒரே ஒரு நீலத் தகடு. அது அவர் முழங்காலையும் இவர் நெஞ்சையும் ஒரே நேரத்தில் தொட்டது. சார் எனக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“பிளான்ல ஜீரோ எங்கன்னு எழுதிடுங்க செல்வி. எல்லாப் பிளான்லயும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தரைத்தளம் ரோட்டுக்கு மேலே மூன்று அடி, அதாவது மனையிலிருந்து ஐந்து அடி. பத்துப் படி ஏற வேண்டும். அந்த உயரத்துக்கு மண் அடித்தால் போர்டிகோ கட்டுப்படியாகாது. பாஸ்கர் திரையில் தூண்களைத் தொட்டுக் காட்டினார்.

“தூக்கிடுங்க மேடம்” என்றார்.

ஒரே கீ அழுத்தலில் போய்விட்டது. அந்தத் தூண் உச்சியின் பூ வேலைக்கு நான் இரண்டு நாள் செலவழித்திருந்தேன். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. கிளம்பும்போது, பழைய வெள்ளம் மாதிரியே வந்தால் ஏழு படி முங்கும், எட்டாவது படி காய்ந்திருக்கும் என்று செந்தாமரையிடம் சொல்லி அனுப்பினேன்.

4. ஒன்பதாவது படி

வீடு கட்டி இரண்டு மழைக்காலம் சும்மா போனது. மூன்றாவது வருடம் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டதாகச் செய்தி வந்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. செந்தாமரைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

“மேடம், செந்தாமர பேசுறேன். ஏழு படின்னு சொன்னீங்கள்ல? எட்டாவது படியும் முங்கிடிச்சி. ஒம்பதாவதுல ஒக்காந்துதான் பேசுறேன்.”

அவசரமாகக் கேட்டேன்: “வீட்டுக்குள்ளே?”

“உள்ள காஞ்சி கெடக்கு. எங்க தெருக்காரங்க பதினோரு பேரு நம்ம கூடத்துலதான் இருக்காங்க. இப்பதான் சோறு வடிச்சி வச்சிட்டு வந்தேன். உங்க நீலத்த ஒரு படி ஏத்திக்குங்க.”

பேசிக்கொண்டே பழைய ஃபைலைத் திறந்து தகட்டை நாலு அடிக்கு ஏற்றினேன். பழைய பிளான்படி மேஸ்திரி மனையிலிருந்து மூன்று அடிக்கு எழுப்பியிருந்தால், இந்நேரம் அந்தக் கூடத்தில் ஒரு அடி தண்ணீர் நின்றிருக்கும். இரண்டு எழுத்தில் முடித்தவள் நான். வந்த வெள்ளத்தின் உயரத்தைத்தான் நான் கண்டுபிடித்தேன். வரப்போகிற வெள்ளம் அதோடு நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் இப்போதெல்லாம் பழைய மட்டத்துக்கு மேல் மூன்று படி இடம் விடாமல் நான் பிளான் கொடுப்பதில்லை.

புதிதாக 3டி பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். யாராவது ஒரு உயரம் சொன்னால், சொன்னவர் எவ்வளவு உயரம், எங்கே நின்று சொன்னார் என்று கேளுங்கள். இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் சந்தோஷப்படுங்கள், இடத்தில் ஏதோ இருக்கிறது. எங்கள் ஆபீஸ் மாடல்களில் இப்போது கோட்டுப் போட்டவர் கிடையாது. நாலு அடி பதினோரு இன்ச்சில் ‘செந்தாமரை’ என்று ஒரு பொம்மை இருக்கிறது. தரையைப் போட்டதும் முதலில் அவரைத்தான் நிறுத்துவோம்.

அன்று செந்தாமரை போனைப் பாஸ்கரிடம் கொடுத்தார். தண்ணீர் ஏறுகிறதா என்று கேட்டேன்.

“நின்னுடிச்சி மேடம்.”

“ரோட்டில் எதுவரைக்கும் இருக்கிறது?”

“என் அளவு எதுக்கு மேடம்? இவ அளவுல சொல்றேன். படிக்குக் கீழ வாசல்ல நின்னா கழுத்தளவு.”