ஒரு கத்தியுறைக்காகச் சுன்னாகம் மீது படையெடுத்த கதை

கரவெட்டியிலிருந்து சுன்னாகத்துக்கும் அங்கிருந்து குருநகருக்கும் ஒரே பகலில் நான் நடத்திய மாபெரும் படையெடுப்புக்குக் காரணம், ஒன்றேகால் அடிக் கத்தி ஒன்று. போன சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை.

என் மனைவியின் தம்பி யேசுதாசன் குருநகரில் கடற்றொழில் செய்கிறவன். பதினாறு வருடம் கோயில் நாட்டுக்கூத்தில் சேவகனாகவும் மந்திரியாகவும் கால் கடுக்க நின்றவனுக்கு இந்த முறைதான் அரசன் வேடம் வாய்த்தது. 'பழங்காலத்து வளைந்த கத்தி ஒன்று என் கையாலேயே செய்து தாறன்' என்று ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் வாயை விட்டுவிட்டேன். மூன்று மாதம் லொறி வில்லுத் தகட்டைக் கத்தியாக அடித்தேன். சுத்தியல் சத்தத்தில் கடலுக்கு அப்பால் வேதாரணியத்தில் கைக்குழந்தைகள் விழித்து அழுததாகக் கேள்வி.

கூர் மழுக்கியாயிற்று. ஆனால் பங்குத்தந்தை ஒரு நிபந்தனை வைத்தார். போன முறை ஆட்டத்தின் நடுவே இடுப்புக் கத்தி பறந்து ஆர்மோனியக்காரரின் மடியில் விழுந்ததாம். "உறையோடை கொண்டு வாங்கோ. தலைகீழாய்ப் பிடிச்சு மூண்டு தரம் உதறுவன். விழுந்தால், அட்டைக் கத்திதான்." சோதனை, சனி மாலை ஐந்து மணி ஒத்திகையில். பதினாறு வருடம் காத்திருந்த அரசன் இடுப்பில் அட்டையோடு நிற்பதா?

காலை 7.45க்கு நெல்லியடியில் ஓட்டோ பிடித்தேன். வல்லைவெளி, ஆவரங்கால், புத்தூர் வழியாகச் சுன்னாகம் ஏறக்குறைய 24 கிலோமீற்றர், 2,500 ரூபாய். பஸ்ஸில் போனால் இதில் பத்திலொன்றும் வராது. ஆனால் படைத்தளபதிகள் பஸ் மாறி ஏறுவதில்லை. ஓட்டோக்காரத் தம்பி குகன் கண்ணாடியில் என் மடியில் கிடந்த துணிச் சுருளைப் பார்த்தான்.

"அண்ணை, உந்தத் துவாய்க்குள்ளை என்ன?"

"அரசனின்ரை ஆயுதம்."

"அப்ப ஆரும் மறிச்சால் எனக்கு உங்களைத் தெரியாது, என்ன?"

வல்லைவெளிக் காற்று ஓட்டோவை மட்டுமல்ல, என் பரம்பரையையே தூக்கிக் கடலில் போடப் பார்த்தது. தம்பி ஒரு கையால் ஓட்டோவையும் மறு கையால் என் தொப்பியையும் பிடித்தபடி 8.40க்குக் கொண்டுவந்து சேர்த்தான். அவனுக்கு முதல் நன்றி.

சந்தைக்குப் பின்னால், வெங்காய வாசம் போகாத ஒழுங்கையில் ரஞ்சினியின் கடை. செருப்பு, இடுப்புப்பட்டி, கைப்பை எல்லாம் தோலில் தைக்கிறவர். நாற்பது வயதிருக்கும், நாக்குக்குப் பதினெட்டு. கத்தியின் படத்தையும் அளவுத் தாளையும் போன கிழமையே அனுப்பியிருந்தேன். தோலை இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றில் இடுப்புப்பட்டியில் கொழுவுகிற வளையத்தையும் தைத்து வைத்திருந்தார்.

"ஃபோனிலை கத்தி எண்டியள். உது தோணியெல்லோ அண்ணை!"

தோணியைத் தோலின் மேல் வைத்தோம். வளையம் மறுபக்கத்தில் இருந்தது. அப்படிக் கட்டினால் கத்தியின் வளைவு முன்னுக்குத் திரும்பி, குனிகிற போதெல்லாம் அரசர் தன் தொப்புளையே குத்திக்கொள்வார்.

குற்றவாளி யார்? 'உது'தான். மற்றத் தமிழர்கள் 'இது', 'அது' என்று இரண்டோடு சமாளிக்க, நாங்கள் மட்டும் எதிரில் இருப்பவருக்குப் பக்கத்தில் உள்ளதைச் சுட்ட 'உது' என்று ஒன்று வைத்திருக்கிறோம். "வளையம் எந்தப் பக்கம்?" என்று அவர் ஃபோனில் கேட்டபோது, நான் அவர் ஃபோனுக்கு அனுப்பிய கத்திப் படத்தை நினைத்து "உந்தப் பக்கம்" என்றேன். ஃபோனைக் காதில் வைத்திருந்தவருக்குப் படம் எப்படித் தெரியும்? தன் கைக்குக் கீழே கிடந்த தோல்தான் 'உந்தப் பக்கம்'. அது கவிழ்ந்து கிடந்தது.

"வேறை தோல்?"

"உந்தத் தடிப்பிலை இல்லை. திங்கள் வரும்."

"திங்கள் வந்தால் என்ரை மச்சான் அட்டைக் கத்தியோடை அரசாளுவான்."

ரஞ்சினி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வளையத்தைப் பிரித்தார். இனி முன்பக்கமாகப் போகும் அந்தத் தோலில் முட்டை வடிவத்தில் துளைகள் மிஞ்சின. சிவப்பு மெழுகு நூலை எடுத்து அந்தத் துளைகளிலேயே தைத்து, ஒரு முனையில் வாலும் வைத்தார். மீன்! வளையம் மற்றத் துண்டுக்குப் போயிற்று. கத்தி நூலை அறுக்காதபடி ஓரத்தில் ஒடுக்கமான தோல் வார் ஒன்றை இடையில் ஒட்டி, இரு ஊசிகளால் எதிரெதிராகத் தைத்தார். பன்னிரண்டரைக்கு உறையைத் தண்ணீரில் ஊறவைத்து, பொலித்தீன் சுற்றிய கத்தியைச் செருகி, விரலால் அழுத்தி அழுத்தி அதன் உருவத்தை எடுத்தார். மூன்றேகால் வரை வெயிலில். அன்றைய வெயிலில் முதலையைக் கிடத்தியிருந்தாலும் கைப்பையாகியிருக்கும்.

தோல், நூல், கூலி எல்லாம் 6,500 ரூபாய். என் 'உந்த'வுக்கு ஒரு சதமும் கூட்டவில்லை. புறப்படும்போது அவர் ஏதோ சொன்னார். நான் ஒழுங்கையில் கூடியவர்களுக்கு என் வீரத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

3.30க்கு யாழ்ப்பாண பஸ், 10 கிலோமீற்றர், நாற்பது நிமிடம். பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் குருநகர்க் கோயிலடிக்கு 300 ரூபாய். 4.35க்கு வந்திறங்கினேன்.

பாதர் உறையைத் தலைகீழாகப் பிடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. கத்தி அசையவில்லை. கைதட்டல்!

யேசுதாசன் பாட்டுக்கு ஆடி வந்து, உருவினான். கத்தி அப்போதும் அசையவில்லை. பின்பாட்டுக்காரர் அதே அடியை நாலாம் தரமும் பாடினார்கள். "அத்தான், ஒட்டிப்போட்டியளோ?" என்றான் அரசன். கண் கலங்கிவிட்டது, பாவம். நான் ரஞ்சினிக்கு ஃபோன் எடுத்தேன்.

"பெருவிரலாலை உறை வாயைத் தள்ளிக்கொண்டு இழுக்கோணும் எண்டு மூண்டு தரம் சொன்னனான். நீங்கள் ஊருக்கு வீரம் கதைச்சுக்கொண்டு நிண்டியள்!"

பெருவிரல் தள்ளியது. கத்தி வழுக்கிக்கொண்டு வந்தது. அரசன் மூச்சு விட்டான். பிறகு உறையைத் தடவினான். "அத்தான், எங்கடை கடலை நினைச்சோ மீன் போட்டனீங்கள்?"

'ஓம்' என்பது நுனி நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் பாதர் வேறு நின்றார். "சுன்னாகத்துத் தங்கச்சி ஒராள் போட்டவ. பிழை மட்டும்தான் என்ரை."

இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு: கத்தியின் படம் போதாது, கத்தியையே கொண்டுபோங்கள். துணியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள். பஸ்ஸில் எடுத்துக் காட்டாதீர்கள். புது உறை காய முழுதாக ஒரு நாள் கொடுங்கள். காய்ந்த பிறகு கத்தியை உறைக்குள்ளேயே விட்டு வைக்காதீர்கள், துரு பிடிக்கும். தைத்தவர் பேசும்போது வாயை மூடுங்கள்.

அடுத்த சனி கூத்து. முன்வரிசையில் ரஞ்சினிக்கு ஒரு கதிரை பிடித்து வைத்திருந்தேன். வந்தவர், "எந்தப் பக்கம் அண்ணை இருக்கிறது?" என்றார். நான் வாயே திறக்கவில்லை. எழுந்துபோய்க் கதிரையில் கை வைத்துக் காட்டினேன்.

அரசன் வந்தான். கத்தியை உருவினான். சனம் ஆர்ப்பரித்தது. எல்லாரும் கத்தியைத்தான் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் அவன் பெருவிரலைப் பார்த்தோம்.